வசீலாவுக்கு ஒரு பெட்டைப் பூனை

கினா நகரத்துக்கு எதிர்க்கரையில், நைலைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில் வசீலா என்றால் வெயில் ரொட்டி. விடிந்ததும் மாவைப் பிசைந்து, வட்டம் வட்டமாகத் தட்டி, மொட்டைமாடி வெயிலில் உப்ப வைப்பாள். பிறகு அடுப்பில் சுட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவாள். புருஷன் ஹிஃப்னி, படகுக்கார மஹ்ரானின் கடைசி மகன், வாலிபத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பிள்ளைகளையும் அந்த ரொட்டிதான் வளர்த்தது. ஷாஸ்லி, கினாவி. இரட்டையர்.

இரட்டைப் பிள்ளை தூங்கும்போது அதன் உயிர் எழுந்துபோய்ப் பூனையாகத் திரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தப் பூனையை அடித்தால் காலையில் பிள்ளை உடம்பில் தழும்பு இருக்கும். அது நடக்காமலிருக்கப் பிறந்த அன்றே நாக்கில் ஒட்டகப்பால் தொட்டு வைப்பார்கள். மருத்துவச்சி ஷாஸ்லிக்குத் தொட்டு வைத்தாள். கினாவியின் பக்கம் திரும்புவதற்குள், ஹிஃப்னியின் தங்கை சத்தூத்தாவின் முழங்கை பட்டுக் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. ஒட்டகக்காரனோ எஸ்னா சந்தைக்குப் போயிருந்தான். போனது போனதுதான்.

அன்றிலிருந்து வசீலா எந்தப் பூனையையும் விரட்டியதில்லை. புறாக்குஞ்சைக் கவ்விக்கொண்டு போனாலும் சரி, உப்பின மாவின்மேல் நடந்தாலும் சரி, “மெதுவாப் போ ராசா” என்பாள். தன் பங்கு மீனைப் பிட்டுப் போட்டுவிட்டு வெங்காயத்தைக் கடித்துக்கொள்வாள். வயசுக்கு வந்தால் அந்தத் திரிதல் நின்றுவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு மீசை முளைத்தது. பூனைகள் வருவது நிற்கவில்லை.

ஷாஸ்லி ஊரிலேயே ஆட்டோ ஓட்டினான். கினாவி செங்கடல் பக்கம், சுற்றுலாப் படகில் வேலைக்குப் போனான். போன ரம்ஜானுக்குப் பிறகு ஒரு சமயம் அவன் போன் கிடைக்கவில்லை. அதே வாரம் சாம்பல் நிறக் கடுவன் பூனை ஒன்று மாடியேறி வந்து மாவுப் பலகைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தது. தின்னவில்லை. கண்ணில் பீளை.

வசீலா புறா ஒன்றை அறுத்துச் சாறு வைத்து, கரண்டி கரண்டியாக அதன் வாயில் ஊற்றினாள். அது அவள் கையைக் கீறியது.

பார்க்க வந்த சத்தூத்தா கேட்டாள். “ஏன் மதினி, புறாச்சாறு எனக்கு ஒரு நாளாவது குடுத்திருக்கியா?”

“நீயும் பூனையா வா, தர்றேன்.”

“கினாவி மீசை வச்ச ஆம்பள. அவன் எதுக்கு இப்ப பூனையா வர்றான்?”

“பால் தொட்டு வச்சிருந்தா நின்னிருக்கும். கிண்ணத்தைக் கவுத்தது யாரு?”

சத்தூத்தா முழங்கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அவனுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தெரியாதாம்மா? கூடப் பொறந்தவன் நான்” என்றான் ஷாஸ்லி.

“நீ பால் குடிச்சவன். உனக்குத் தெரியாது.”

வெள்ளிக்கிழமை, ஆண்கள் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் கடுவன் செத்தது. வசீலா அழவில்லை. அதை ஒரு பழைய தலைத்துணியில் சுற்றி, கரும்புக் கொல்லை ஓரம் புதைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்தாள். மறுநாள் மாவு பிசையவில்லை. ரொட்டி வாங்க வந்தவர்கள் கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவள் கண் முழுக்க ஷாஸ்லியின் போன்மேல் இருந்தது.

அதற்கும் மறுநாள் யாரோ ஒருவர் போனிலிருந்து கினாவி கூப்பிட்டான்.

“போன் கடல்ல விழுந்துடுச்சும்மா.”

“உடம்பு?”

“எனக்கென்ன. கறுத்துட்டேன், அவ்வளவுதான்.”

“சாப்பிடறியா?”

“தெனமும் மீனுதான். மீனப் பாத்தாலே வெறுப்பா வருது.”

வசீலா போனை ஷாஸ்லியிடம் நீட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சந்தோஷம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. அத்தனை வருஷத்து அலுப்பும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினது மாதிரி இருந்தது.

பிறகு கோதுமைக் குதிரில் எலி புகுந்தது. சத்தூத்தா வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. வசீலா போய்க் கூடையருகே குந்தினாள்.

“இந்த மஞ்சக் கடுவனை எடுத்துக்க மதினி. சூட்டிகையானவன்.”

“எனக்குப் பெட்டைதான் வேணும்.”

“வருஷத்துக்கு ரெண்டு தடவ ஈனுமே?”

“ஈனட்டும். நான் பெத்தது ரெண்டும் ஆணு. பெட்டைப் பூனை எம்மகனா இருக்க முடியாதுல்ல? ஒரு பூனையையாவது வாயாரத் திட்டி வளக்கணும் சத்தூத்தா. எனக்கு முடியல.”

சத்தூத்தா சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக வாலைத் தூக்கிப் பார்த்து, வெள்ளையில் சாம்பல் திட்டுப் போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ரோஜா என்று அர்த்தம் வருகிற மாதிரி, வர்தா என்று வசீலா பேர் வைத்தாள்.

வர்தாவுக்கு ஒரு வேளைதான் சோறு. மாவில் கால் வைத்தால் மூக்கில் ஒரு தட்டு. “ஓடு மூதேவி” என்று வசீலா கத்துவது தெருமுனைக்குக் கேட்கும். இரவில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினாள். எலியும் குறைந்தது.

கரும்பு வெட்டு முடியும் சமயம், வர்தா மாவு மூட்டையின்மேல் மூத்திரம் பீய்ச்சியதில் வீடே நாறியது. ஷாஸ்லி அதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

“ம்மா, உம் மகளைப் பாரு. இவ கடுவன்.”

வசீலா மாவுக் கையோடு நின்றாள். பூனையைப் பார்த்தாள். அது அவளைப் பார்க்கவில்லை, மாவைப் பார்த்தது.

“அவளைக் கீழ விடு” என்றாள்.

“அவனை.”

“அவளைன்னு சொன்னேன்.”

ஷாஸ்லி இறக்கிவிட்டான். வசீலா மூட்டையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள். பூனை காலுக்குள் வந்து விழுந்தது.

“வழியை விடுடி” என்றாள்.