முதலில் கெடுக்கச் சொன்ன பிலோமினா டீச்சர்

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்கு மேல் எழுதப் படித்தவன் நான். தட்டச்சு செய்தால் இன்னும் நேரமாகும் என்பதால் தாளில் எழுதி, படம் பிடித்து, எங்கள் கடையின் இணையதளத்தில் போடுகிறேன். கருப்பட்டி வாங்க இங்கே வருகிறவர்கள் இன்று சற்று நின்று படித்துவிட்டுப் போங்கள். இந்தப் பக்கம் உண்டாகக் காரணமான பிலோமினா டீச்சர் காலமாகிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஓலைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது டீச்சரின் தங்கை போன் செய்தார். "அண்ணாச்சி, அக்கா போயிட்டா. சாயங்காலம் மாதா கோவில்ல அடக்கப் பூசை" என்றார். கையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் தட்டச்சராகச் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் பழகி, அங்கேயே ஓய்வு பெற்றவர்கள். பிறகு வீட்டின் முன்னறையில் எங்களைப்போல் எழுத்து தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்தார்கள். மீன் விற்கும் பெண்கள், உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள், நான் எல்லோரும் ஒரே பாயில் இருப்போம். அவரவர் தொழிலில் உள்ள சொல்லைத்தான் முதலில் எழுத வேண்டும். நான் எழுதியது கருப்பட்டி.

"புள்ளியக் காணோமே அண்ணாச்சி. கடிச்சுத் தின்னுட்டியளா?" என்று கேட்டார்கள். மீன்காரப் பெண்கள் சிரித்த சிரிப்பு தெரு முனைவரை கேட்டிருக்கும்.

வாசிக்க வந்த பிறகு நான் ஒன்றையும் விடவில்லை. பஸ் பலகை, மருந்துச் சீட்டு, சுவரொட்டி எல்லாம் எனக்குப் பலகாரம்தான். அந்தச் சமயத்தில்தான் கடைக்கு ஒரு கஷ்டம் வந்தது. திருச்செந்தூர் போகிறவர்கள் முன்பெல்லாம் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவார்கள். புதுச் சாலை வந்ததும் ஊருக்குள் வராமல் வெளியோடு வெளியாகப் போய்விட்டார்கள். சென்னையில் இருக்கும் மகன், "ஒரு கம்பெனிக்காரன் இருக்கான்பா. வெப்சைட்டு அழகா செஞ்சு தருவான்" என்றான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கருப்பட்டி விலையும் சரக்கும் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வரி எழுதவும் அடுத்தவர் கையையே பார்த்துக் காலம் தள்ளியவன் நான். என் கடையைப் பற்றியாவது என் கையால் எழுத வேண்டும் என்று ஆசை. டீச்சரிடம் சொன்னேன்.

"அப்பம் உங்களுக்குத் தோதான கருவிய நாமளே தேடுவோம்" என்றார்கள்.

இணையப் பக்கம் செய்வதற்கென்று இருக்கும் மூன்று கருவிகளைப் போனில் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு விசித்திரமாகப் பட்டது அவர்கள் சோதித்த விதம். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் செய்வார்கள். அதை வேண்டுமென்றே கெடுப்பார்கள். எழுத்தை அழிப்பார்கள், படத்தைக் கண்ட இடத்துக்குத் தள்ளுவார்கள், பிறகு பழையபடி கொண்டுவர முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

முதல் கருவியில் எல்லா வசதியும் இருந்தது. கெட்ட பக்கத்தைத் திருப்ப அவர்களுக்கே அரைமணி நேரம் ஆனது. "இது கப்பல் எஞ்சின் ரூம். நமக்கு ஒரு வள்ளம் போதும்" என்று மூடிவிட்டார்கள். இரண்டாவது லேசாக இருந்தது. ஆனால் நம் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் விளம்பரம் வரும், நாளைக்கு வேறு இடம் போனால் நாம் போட்டதை எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. "காலி பண்ணும்போது பாத்திரத்தைப் பிடிச்சு வச்சுக்கிடுத வீட்டுக்காரன்" என்றார்கள். மூன்றாவது பார்க்கச் சாதாரணம். போனிலேயே செய்யலாம், சொற்கள் தமிழில் இருந்தன. பின்பக்கம் வளைந்த ஓர் அம்புக்குறியைத் தொட்டால் கெட்டது சரியாகிவிடும். எழுதி முடித்ததை ஊர் பார்க்கும் முன் நாம் பார்க்கவும் வழி இருந்தது.

போனை என் கையில் கொடுத்து, "முதல்ல கெடுங்க அண்ணாச்சி" என்றார்கள்.

"நல்லா இருக்கதை எதுக்கும்மா கெடுக்கணும்?"

"கெடுத்துத் திருப்பத் தெரிஞ்சா பயம் போயிரும். பயம் போனாத்தான் கை எழுதும்."

அன்று முழுக்கக் கெடுத்தேன். சிறுபிள்ளைபோல் அத்தனை சந்தோஷம்.

மாதிரிப் பக்கங்களில் ஒன்றை நானே தேர்ந்தெடுத்தேன். மஞ்சள் நிறம், சிவப்புக் கரை, இருபக்கமும் குத்துவிளக்கு. கடைக்கு மங்கலமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆயுத பூஜைக்கு மாலை போட்டு எடுத்த என் படத்தை வைத்து, புதுக் கருப்பட்டி வரும் நாளையும் கடை விலாசத்தையும் இருந்த கட்டங்களில் நிரப்பி, டீச்சரிடம் காட்டாமல் வெளியிட்டேன். மறுநாள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து என் தங்கை வீட்டுக்காரர் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"என்ன மச்சான், இந்த வயசுல கல்யாணம் பண்ணுதது உங்க இஷ்டம். உங்க தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? பொண்ணு எந்த ஊரு?"

நான் எடுத்தது கல்யாண அழைப்புக்கான மாதிரியாம். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "நான் போட்டிருந்தா இத்தனை பேரு பாத்திருக்க மாட்டா. மாத்துங்க. நான் கை வைக்க மாட்டேன்" என்றார்கள். அன்று மாலைக்குள் குத்துவிளக்கு போய்க் கருப்பட்டி வந்தது. வாரந்தோறும் விலையை நானே மாற்றினேன். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சை டீ குடிப்பார்கள். அவர்கள் வாய் திறக்காமல் இருந்தாலே எனக்குத் தெம்பாக இருக்கும்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். குரல் இறங்கியிருந்தது. "பக்கத்துக்கு உரிமையாளர்னு என் பேரும் இருந்துதுல்லா, எடுத்துட்டேன் அண்ணாச்சி. இனிமே நீங்க மட்டுந்தான்" என்றார்கள்.

"ஏம்மா? எனக்கு ஏதாவது முட்டிக்கிட்டு நின்னா?"

"நின்னா யோசிப்பிய. யோசிக்கட்டும்னுதான் எடுத்தேன்."

எனக்குக் கோபம்கூட வந்தது. ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்து போனோடு உட்கார்ந்தேன். 'பிலோமினா டீச்சர் காலமானார்கள். இன்று விற்பனை இல்லை' என்று எழுதினேன். கடற்கரையில் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துச் சிரிக்கும் அவர்கள் படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் போட்டபோது பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. அவர்களைப் படுத்தபடி காட்ட எனக்கு மனம் வரவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டி வாசித்து, படத்தைத் திருப்பும் இடத்தைக் கண்டுபிடித்தேன். டீச்சர் நிமிர்ந்து நின்றார்கள். வெளியிட்டேன்.

மதியம் மகன் கூப்பிட்டான். "பாத்தேன்பா. யாரு போட்டுத் தந்தா?"

"யாருமில்லலே. நான்தான்."

"படத்துல டீச்சர் நல்லா இருக்காவ" என்றான்.

போய் வாருங்கள் டீச்சர். திங்கட்கிழமை உடன்குடியிலிருந்து சரக்கு வரும். விலையை மாற்றிவிட்டு, உங்கள் படத்துக்குக் கீழே துறைமுக ஆபீஸ் நாட்களைப் பற்றி நீங்கள் சொன்னதையும் எழுதுகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது. என் கைதான் மெதுவாகப் போகிறது.