இன்பம் நேராக்கிய அடிக்குறிப்புகள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். டேனரியில் பதனிட்ட தோலை உதறிய கையால் அச்சுக்கோர்க்கக் கற்று, 1996-இல் ஆம்பூர் பஜாரில் சொந்தக் கம்ப்யூட்டர் கடை போட்டேன். ஒருத்தன் சிபாரிசும் கிடையாது. அப்படிப்பட்ட நான், என் கடையில் டைப் அடித்த இன்பம் என்ற பெண்ணைப் பற்றி எழுதுகிறேன் என்றால் அவள் லேசுப்பட்டவள் இல்லை.

பிளஸ் டூ தேறாதவள். லேடெக் என்ற மென்பொருளை ஜெராக்ஸ் எடுத்த கையேட்டை வைத்துத் தானே படித்தாள். அதில் எழுத்தோடு கட்டளையையும் அடிக்க வேண்டும். பக்கத்தை அதுவே அமைத்துக்கொள்ளும்.

2004 மார்ச்சில் கல்லூரி ஆசிரியை கேத்தரின் தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்தார். டேனரிகளை ஒட்டிய கிணற்று நீரைப் பற்றிய ஏழு வருஷ உழைப்பு. அடிக்குறிப்புகள் கோணலாக இருக்கின்றன என்று பல்கலைக்கழக அலுவலகம் திருப்பியிருந்தது. ஒற்றை இலக்க எண்ணுக்குப் பக்கத்தில் வாசகம் ஒரு இடத்திலும், மூன்று இலக்க எண்ணுக்குப் பக்கத்தில் வேறு இடத்திலும் தொடங்கியது.

நான்தான் யோசனை சொன்னேன். ஈய எழுத்துக் காலத்தில் செய்தபடி, சின்ன எண்ணுக்குப் பின்னால் இடைவெளி கொடுத்துத் தள்ளு என்றேன். இருநூற்றுப் பதினாறு குறிப்புக்கும் பார்த்துப் பார்த்து வைத்தாள். நேராகத்தான் வந்தது.

கடைசி நாளன்று, ஆய்வு வழிகாட்டி நான்காம் அத்தியாயத்தை முதலில் வைக்கச் சொல்லிவிட்டார். எண்களை லேடெக் மாற்றிக்கொண்டது. நாங்கள் வைத்த இடைவெளிகள் மாறவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கோணல். மாலை ஐந்து மணிக்குள் வேலூரில் கொடுக்காவிட்டால் கேத்தரினின் பதிவே ரத்து. அப்போது மணி பன்னிரண்டு.

"இன்னா இன்பம், இன்னும் ரெண்டு இடைவெளி வெச்சா சரியாப்பூடும்," என்றேன்.

"எந்த எண்ணுக்குண்ணே வெக்கிறது? நூத்தி எழுவதா இருந்தது இப்போ அஞ்சு. ஒம்போதா இருந்தது அறுவது. உங்க பேச்சக் கேட்டு வெச்சதுதான் இப்ப கழுத்த அறுக்குது."

எனக்குச் சுருக்கென்றது.

"முடியாதுன்னா சொல்லிடு இன்பம்," என்றார் கேத்தரின். "நான் வீட்டுக்குப் போய்ட்றேன்."

"அழாதீங்க மேடம். எனக்கும் அழுகை வந்துட்டா ஸ்கிரீன் தெரியாது."

போட்ட இடைவெளிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு கட்டளை: எல்லா எண்ணுக்கும் ஒரே அகலத்தில் ஒரு பெட்டி. எண் அதன் வலது ஓரத்தில் நிற்கும். பெட்டி முடிகிற இடத்தில் வாசகம் தொடங்கும். அடுத்த வரிகளும் அதே கோட்டில் இறங்கும். முதல் அச்சில் மூன்று இலக்க எண்கள் பக்க ஓரத்துக்கு வெளியே துருத்தின. கேத்தரின் முகத்தை மூடிக்கொண்டார். இன்பம் பெட்டியை அகலமாக்கி மறுபடி அச்செடுத்தாள். நேர்!

மூன்று மணி பஸ்ஸில் மூவரும் நின்றுகொண்டே போனோம். பஸ் எங்கே போகிறது என்றுகூடத் தெரியாதவர் மாதிரி கேத்தரின் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் நுழையும்போது நாலே முக்கால்.

குமாஸ்தா ஸ்கேலை எடுத்து நாலைந்து பக்கங்களில் வைத்துப் பார்த்தார். பிறகு ரப்பர் முத்திரையை எடுத்தார்.

"நூத்தி ஆறாம் பக்கத்தையும் பாருங்க சார்," என்றாள் இன்பம். "அங்க தொண்ணூத்தி ஒம்போதும் நூறும் அடுத்தடுத்து நிக்குது."

"போதும்மா," என்று முத்திரையைக் குத்தி, ஆய்வேட்டை வாங்கி வைத்துக்கொண்டார் அவர். கேத்தரின் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.