பிரேக்கு அக்காவின் கால்

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் ஆசிரியையான அவளுக்குப் பெயர் பிரேக்கு அக்கா. பயிற்சிக் காரில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவள் வலது கால் அதைவிட்டு நகராது. புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுவாள்: “பயமா இருந்தா வாயத் திறந்து சொல்லுங்க. பரவாயில்ல பரவாயில்லன்னு சொல்றவங்கதான் வண்டியக் கொண்டுபோய் சுவத்துல சொருகுவாங்க.” அப்படிச் சொருகியவர்களில் ஒருவனைத்தான் பிறகு கல்யாணமும் செய்துகொண்டாள்.

குழந்தை பிறந்தபின், கேட்டவர்களுக்கெல்லாம் அவளே “பரவாயில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. முகத்தைப் பார்த்தாலே பாசம் பொங்கும் என்றார்கள். அவள் மனசோ மரத்துக் கிடந்தது. தாயாக இருக்கவே தான் லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அம்மாவிடம் லேசாகச் சொல்ல வாயெடுத்தபோது, நாங்களெல்லாம் பெற்று வளர்க்கவில்லையா என்று அம்மா ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

ஒருநாள் முக்காலியில் உட்கார்ந்து குளிப்பாட்டும்போது குழந்தை வீரிட்டது. துண்டோடு நின்ற கணவன் அவள் காலையே பார்த்தான். அவளும் குனிந்து பார்த்தாள். இல்லாத பிரேக்கை அந்தக் கால் மிதி மிதியென்று மிதித்துக்கொண்டிருந்தது. என்னாச்சு என்று கேட்டான். பரவாயில்ல என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

“எனக்குப் பயமா இருக்கு. புள்ளைய விட்டுட்டு எங்கயாவது ஓடிடலாம்னு தோணுது.”

அவன் புத்தி சொல்லவில்லை. காருக்குள் தான் தடுமாறியபோதெல்லாம் அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னான்: “கைய எடு. நான் பாத்துக்கறேன்.”

மறுநாளே டாக்டரிடம் போனார்கள். பிரசவத்துக்குப் பின் பல பெண்களுக்கு வருகிற நோய்தான், மருந்து உண்டு, இதில் உன் குற்றம் எதுவும் இல்லை என்றார் அந்த டாக்டரம்மா. அதைக் கேட்டதும் அக்கா வெட்கத்தை விட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேட்டாள். மாத்திரை, தூக்கம், வாராவாரம் ஆலோசகரிடம் பேச்சு, எதையும் விடவில்லை. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒருநாள் ஏறும், ஒருநாள் சறுக்கும். சறுக்கும் நாளில் மறைக்கமாட்டேன் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

அப்படியொரு நாளில் அம்மா போன் செய்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள்.

“இன்னிக்கு நல்லா இல்லம்மா. நீ கிளம்பி வா.”

அம்மா வந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் அக்கா கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்ட அம்மா, மகள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “நீ பொறந்தப்ப நானும் எல்லார்கிட்டயும் பரவாயில்லன்னுதான் சொன்னேன்.”

அக்கா அம்மாவின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு உள்ளே போய்ப் படுத்துத் தூங்கினாள்.