ஏழு பங்குனி ஆமைகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில், வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதகர் வேலை. மெஷின்காரர்கள் அளக்காமலே அளவு எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன். அளக்காதவன் எழுதும் எண்கள் ரொம்ப ஒழுக்கமாக இருக்கும்.

தை மாதம், பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் செத்துச் செத்துக் கரை ஒதுங்கின. கணக்கெடுக்கத் தன்னார்வலர்கள் தேவை என்று ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றில் கேட்டார்கள். இந்த வேலைக்கென்றே பிறந்தவன் நான் என்று பீற்றிக்கொண்டு பெயர் கொடுத்தேன். ஞாயிறு விடியலில் மேனாம்பேட்டு வீட்டிலிருந்து கடற்கரைக்குக் கிளம்பினேன். என் பங்கு இரண்டு கிலோமீட்டர் மணல். ஆமை ஓட்டின் நீளத்தை நாடாவால் அளந்து, படம் எடுத்து, மறுபடி எண்ணாமலிருக்க அதன்மேல் வெள்ளைப் பெயின்டால் கோடு போட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் ஆமை வரைக்கும் நான் வீரன். கண் பிதுங்கிக் கிடந்த அதன் பக்கத்தில் குனிந்ததும் தின்ற இட்லியெல்லாம் வெளியே வந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் பார்த்துவிட்டார்.

“இன்னா சார், அது செத்துக் கீது. நீ இன்னாத்துக்குக் கூடவே சாவுற?”

“பித்தம்ணே.”

“ஆமையப் பாத்தா வர்ற பித்தமா?”

அதன்பிறகு பத்தடி தள்ளி நின்றே படம் எடுத்தேன். நாடாவும் பெயின்ட் டப்பாவும் பையை விட்டு வெளியே வரவில்லை. அறுபது, அறுபத்தைந்து, எழுபது சென்டிமீட்டர் என்று கண்ணாலேயே அளந்து, போன் வழியாகப் பட்டியலில் ஏற்றினேன். போகும்போது நான்கு, திரும்பும்போது மூன்று.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், பட்டியலைச் சரிபார்க்கும் பெண் போனில் கூப்பிட்டார்.

“சார், உங்க நாலாவதும் ஆறாவதும் ஒரே ஆமையா? ரெண்டுக்கும் இடது துடுப்பு இல்ல. அலை தள்ளிட்டுப் போயிருக்குமோ? பெயின்ட் கோட்டையும் காணோம்.”

“அது வந்தும்மா...”

“அளந்தீங்கதானே சார்? எல்லாம் அஞ்சஞ்சா ஏறுது.”

வெள்ளிக்கிழமை, இந்தப் பட்டியலை வைத்து, ஆமைகளை வலையில் சிக்கவைத்துக் கொல்லும் இழுவைப் படகுகளைக் கட்டுப்படுத்துவது பற்றி அதிகாரிகள் கூட்டம். ஒரே ஆமை இரண்டு தடவை வந்திருந்தால் போதும், பட்டியலே பொய் என்று படகுக்காரர்கள் எழுந்துவிடுவார்கள். மழை, அறுந்த நாடா, துரத்திய நாய் என்று மூன்று சாக்குகளை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். நாய்தான் நம்பும்படி இருந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன்.

“அளக்கலம்மா. பயந்துட்டேன். இப்பவே போய் அளந்துட்டு வரட்டுமா?”

“காலைலயே குழி தோண்டிப் புதைச்சுட்டாங்க சார்.”

அவர் திட்டியிருக்கலாம்.

“ஏழையும் எடுத்துடறேன் சார்.”

“ஆறு செத்தது நெஜம்தானேம்மா?”

“நெஜம்தான். ஆனா அளவும் கோடும் இல்லாம நம்மளால காட்ட முடியாதே.”

மாலையில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த இரண்டு கிலோமீட்டரில் யாரும் நடக்கவில்லை என்று இருந்தது.