துரியின் புல்லும் எங்கள் ஒரேயொரு பந்தும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பந்து தொலைந்துபோனது.

பந்து என்றால் சும்மா ரப்பர் பந்து இல்லை. சிவப்புத் தோல் போட்டுத் தைத்த அசல் கிரிக்கெட் பந்து. எங்கடின் என்கிற இந்த மலைப் பள்ளத்தாக்கை மேலிருந்து கீழ்வரை சல்லடை போட்டாலும் அப்படி இன்னொன்று கிடைக்காது. அது தொலைந்தபோது இரண்டு அணிக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இவர்களுக்கு என்ன, விசரா என்று கேட்கிறீர்களா? பொறுங்கள், முதலில் இருந்து சொல்கிறேன்.

வழக்கமாக வாசிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். மலை ஹோட்டல் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவுகிறேன். என்னோடு ஒரே அறையில் இருப்பவன் குணம். அதே குசினியில் மரக்கறி வெட்டுகிறான். ஊரில் பள்ளிக்கூட அணிக்கு முதல் ஆளாய் இறங்கி அடித்தவன். அவன் அடிக்கிற அடியைப் பார்க்கவென்றே மதிலில் ஏறி இருந்தவர்கள் உண்டு.

போன மாரியில் அவனுடைய தமையன் செத்துப்போன செய்தி ஊரிலிருந்து வந்தது. எப்படி என்று நான் எழுதத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது இளம் ஆண்கள் எப்படிச் சாகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அன்றோடு குணத்தின் பேச்சு நின்றது. ஏதாவது கேட்டால் ஒரு ‘ஓம்’. கேட்காவிட்டால் அதுவும் இல்லை. வேலை, சாப்பாடு, கட்டில்... சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பான். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இப்படிக் கிடக்க, மற்றவனுக்கு நித்திரை வருமா?

இனி கெவின். எங்கள் ஹோட்டல் பாரில் கிளாஸ் நிரப்புகிற ஆஸ்திரேலியாக்காரன். ஒரு மாரிக்குப் பனியில் சறுக்கிவிட்டுப் போகலாம் என்று வந்தவன், வருஷக்கணக்காய் இங்கேயே நிற்கிறான். பாணுக்குக் கறுப்பாய் ஒரு பசை பூசித் தின்பான். அதன் உப்பு தலைக்கேறும். என்னுடைய காரமான கட்டைச் சம்பலைத் தின்றுவிட்டுக் கண்ணால் தண்ணீர் வடிய, இன்னும் கொஞ்சம் தா என்பான். நத்தாருக்கு வெயில் இல்லாத ஊர் ஒரு ஊரா என்று டிசம்பர் முழுவதும் புலம்புவான்.

எங்களைச் சேர்த்து வைத்தது என் சிற்றலை ரேடியோ. ஒருநாள் அது கரகரவென்று கிரிக்கெட் வர்ணனையை இழுத்துக்கொண்டிருந்தபோது கதவில் இடி. திறந்தால் கெவின். “ஸ்கோர் என்ன?” என்றான். வணக்கமும் இல்லை, மன்னிக்கவும் இல்லை! அன்றைக்கே நான் அவனுக்கு ‘மச்சான்’ என்ற சொல்லைப் பழக்கிவிட்டேன். தங்கள் நாட்டிலும் எல்லோரையும் இப்படித்தான் ஏதோ சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உடனே பிடித்துக்கொண்டான்.

அவனுக்கு ஊருக்குப் போக ஒரு தடையும் இல்லை, போகிறானில்லை. எங்களுக்குப் போக ஆசை, வழியில்லை. இந்த நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது?

கெவினுடைய பெட்டியின் அடியில் அந்தச் சிவப்புப் பந்து இருந்தது. நாடு நாடாகக் கூடவே சுமந்து திரிகிறானாம். அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. குணத்தின் கையில் ஒரு மட்டையைக் கொடுக்க வேண்டும். புத்தி சொல்லிப் பார்த்தாயிற்று, ஏசிப் பார்த்தாயிற்று. இனி மட்டைதான்.

நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. பழைய சறுக்குவண்டிப் பலகை ஒன்றைச் செதுக்கி மட்டை செய்தோம். விக்கெட்டுக்குப் பனிச்சறுக்குத் தடிகள். எதிரணி? ஷாஃப்ஹவுசன் நகரத்தில் என் கூட்டாளி சிவம் ஒரு கூட்டமே வைத்திருக்கிறான். போன் போட்டேன்.

“ஜூலைக் கடைசி ஞாயிறு வாங்கோ மச்சான். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில எங்களுக்கு ஓய்வு. அதுக்குள்ள ஒரு மட்ச். கிரவுண்ட் றெடி.”

“உண்மையா றெடியோ? போனமுறை கோழிக்கறி றெடி எண்டு கூப்பிட்டுப் போட்டுப் பாணும் பட்டரும் தந்தனியெல்லோ!”

“றெடி எண்டா றெடி.”

கிரவுண்ட் அப்போது என் வாயில் மட்டும்தான் இருந்தது. ஆனால் மனதில் இடம் குறித்தாயிற்று. ஹோட்டலுக்குப் பின்னால், சிவப்பு ரயில் போகிற தண்டவாளத்துக்குப் பக்கத்தில், தட்டையாய் ஒரு பச்சை வெளி. மலையும் சரிவுமான இந்த ஊரில் அப்படி ஒரு தட்டை நிலம்! வேலி இல்லை. ஆள் இல்லை. மாடுகள்கூடக் கோடைக்கு மலை உச்சிக்குப் போய்விட்டன. முழங்கால் உயரத்துக்குப் புல் சும்மா வளர்ந்து கிடந்தது. மாடே தின்னாத புல் என்றால் யாருக்கும் வேண்டாத புல் என்றுதானே அர்த்தம்?

“எங்கட ஊரில் ஒருநாள் முழுக்கக் கார் ஓட்டினாலும் புல் முடியாது. யார் கணக்குப் பார்க்கிறது?” என்றான் கெவின்.

எங்கள் ஊரில் புல் என்றால் பிடுங்கி எறிகிற சாமான். ஆக இரண்டு நாட்டு அறிவும் ஒன்றாகச் சேர்ந்து வேலையில் இறங்கியது. ஓய்வு நேரத்தில் வெளியின் நடுவில் நீளமாக ஒரு துண்டைச் சப்பாத்தால் மிதித்தோம். போதவில்லை. கெவின் பாரிலிருந்து ஒரு பியர் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். அதைக் கயிற்றில் கட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தோம். அசல் ரோலர்! குணத்தையும் கையைப் பிடித்து இழுத்து வந்து ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். அவன் பிட்சைப் பார்த்தபடி நின்றான். கண்ணில் ஏதோ ஒன்று அசைந்ததுபோல் எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் துரி வந்தார்.

துரி இந்த ஊர் விவசாயி. எழுபதைத் தாண்டியவர். வழியில் கண்டால் ‘அலெக்ரா’ என்று இந்தப் பக்கத்து வணக்கம் சொல்லாமல் போகமாட்டார். அன்றைக்கு அலெக்ரா இல்லை. தூரத்திலேயே கத்தத் தொடங்கிவிட்டார். தோளில் இரும்பு முள்ளு வைத்த நீளத் தடி. கத்தியதில் பாதி அவருடைய மலைமொழி, மீதி ஜெர்மன். எனக்குத் தெளிவாக விளங்கிய சொல் ஒன்றே ஒன்று.

போலீஸ்.

திரும்பிப் பார்த்தேன். குணத்தைக் காணவில்லை. அறைக்குப் போனால், கட்டிலின் மூலையில் ஒடுங்கி இருக்கிறான். முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணை, எனக்கு உந்த விளையாட்டு வேண்டாம். என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. போலீஸில பேர் பதிஞ்சா என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்.”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் என்னோடு கதைத்த நீளமான கதை அதுதான். அதுவும் பயத்தில் வந்த கதை! அவனை வெளியே இழுக்கப் போய் இன்னும் உள்ளுக்குத் தள்ளிவிட்டேன். இப்படியே விட்டால் இனி அவன் ஜன்னலும் திறக்கமாட்டான்.

விடுவேனா? அடுத்த நாள் ஓய்வு நேரத்தில் கெவினையும் கூட்டிக்கொண்டு துரியின் வீட்டுக்குப் போனேன். ஒரு போத்தல் கொண்டுபோகலாம் என்றான் கெவின். வேண்டாம், கோபத்தில் இருக்கிற மனிசனுக்குப் போத்தல் நீட்டினால் விலை பேசுகிற மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

துரி கத்தவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய மரக் கொட்டிலின் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. கூரைவரை வெறுமை. மூலையில் ஒரு பிடி காய்ந்த புல் கிடந்தது.

“இதை நிரப்ப வேண்டும். மாடுகள் மலையிலிருந்து இறங்கி வந்தால் பின்னால் பனி வரும். பனி உருகும்வரை அதுகள் எதைத் தின்னும்? உங்கள் பீப்பாயையா?”

எனக்குச் சுரீர் என்றது.

வயல்! அது வயல்! நிற்கிற பயிருக்குள் இறங்கி மிதித்து, போதாததற்கு ரோலரும் உருட்டியிருக்கிறோம்! எங்கள் ஊரில் ஒருவன் கதிர் வருகிற நேரம் நெல்லுக்குள் இறங்கிப் பீப்பாய் உருட்டினால் சும்மா விடுவோமா? போலீசுக்கு ஏன் போகிறோம்... நாங்களே முடித்துவிடுவோம்!

வெளிநாட்டில் வந்து குடியேறுகிறவனுக்கு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். குப்பையை எப்போது வைப்பது, உடுப்பை எந்த நாள் தோய்ப்பது, ரயிலில் எங்கே கால் வைக்கக்கூடாது... ஆனால் இந்த நாட்டில் எது புல், எது பயிர் என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தெரியாது.

என் நொண்டி ஜெர்மனில் சொன்னேன். “ஐயா, எங்கள் நாட்டில் அரிசி விளைகிற வயல் இருக்கிறது. அதற்குள் நீங்கள் பீப்பாய் உருட்டியிருந்தால் நான் உங்களை அடித்திருப்பேன். அறுவடை முடிந்த பிறகுதான் அதில் நாங்கள் பந்து விளையாடுவோம்.”

துரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அறுத்த பிறகா?”

“ஓம், அறுத்த பிறகு.”

“அப்படியென்றால் வந்து அறுங்கள். மகன் சூரிச்சில் வங்கியில் இருக்கிறான். எனக்குக் கை போதாது. போலீஸ் பேச்சை விடுங்கள்.”

“எப்போது அறுப்பீர்கள்?”

அவர் விரலால் மேலே காட்டினார். வானத்தைக் கேட்கட்டாம்.

வானம் என்ன சொன்னது? மழை! அடுத்த நாளும் மழை, அதற்கடுத்த நாளும் மழை. மலையெல்லாம் முகிலுக்குள் போய்விட்டது. ஷாஃப்ஹவுசன்காரர் ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். மட்சைத் தள்ளி வைப்போம் மச்சான் என்றான் கெவின். செத்தாலும் இல்லை என்றேன். சிவத்துக்குப் போனில் “கிரவுண்ட் எப்பிடி?” என்றால், “சோக்காக் கிடக்கு!” என்று சொல்லிவிட்டு, ரிசீவரை வைத்ததும் ஜன்னலுக்கு ஓடுவேன்.

கடைசிக் கிழமை நடுவில் வெயில் எறித்தது. துரி உடனே அறுப்பு மெஷினை இறக்கினார். நாங்கள் பீப்பாய் உருட்டிய துண்டில் புல் தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டதால் மெஷின் பிடிக்கவில்லை. அதை மட்டும் நீளப் பிடி போட்ட அரிவாளால் கையால் அறுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

வாருவதற்கு ஆள் காணாது. குணத்திடம் போனேன்.

“விளையாடக் கூப்பிடேல்லையடா. வேலை. வா.”

வேலை என்றால் அவன் எழும்புவான். வந்தான். துரி கொடுத்த முள்ளுத் தடியை வாங்கினான். தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளையல்லவா, பச்சைப்புல்லைக் கிளறி வெயிலுக்குப் புரட்டிப் போட்ட அழகைப் பார்க்க வேண்டுமே! நானும் கெவினும் மூச்சிரைக்க நிற்க, அவன் துரிக்குச் சமமாய் வெளியின் அந்தக் கரைவரை போய்விட்டான். இளைப்பாறுகிற நேரம் துரி பாணையும் பாற்கட்டியையும் முதலில் அவனிடம்தான் நீட்டினார். குணம் இரண்டு கையாலும் வாங்கினான்.

சனிக்கிழமை கொட்டில் பாதி நிரம்பியது. வெளி மொட்டையாய்க் கிடந்தது.

ஞாயிறு மத்தியானம் சிவப்பு ரயிலில் இருந்து சிவமும் ஆட்களும் இறங்கினார்கள். கிரவுண்டைக் கண்டதும் சிவம் அப்படியே நின்றுவிட்டான்.

“டேய், இது வெட்டி முடிஞ்ச எங்கட வயலெல்லோ!”

குனிந்து அறுத்த புல்லின் அடியைத் தடவிப் பார்த்தான். நானும்தான்.

சரிவுப் பக்கத்துப் புல் மழையால் பிந்தி இன்னும் அறுக்காமல் நின்றது. அதுவும் துரியுடையது. நான் எல்லோரையும் கூப்பிட்டுச் சட்டம் போட்டேன். நிற்கிற புல்லுக்குள் எவன் கால் வைத்தாலும் அவனுடைய அணி முழுக்க அவுட். துரி ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு ஒரு கதிரை கொண்டுவந்து ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார்.

குணம் முதல் ஆளாய் இறங்கினான். இறங்கினான் என்பதைவிட நான் பின்னால் நின்று தள்ளினேன் என்பதுதான் சரி. முதல் ஓவர் முழுக்க மட்டையைச் சும்மா வைத்துத் தடுத்தான். அடுத்ததிலும் தடுத்தான். இவ்வளவு பாடும் இதற்குத்தானா?

பிறகு சிவம் ஒரு பந்தைக் குட்டையாய்க் குத்தினான். குணம் பின்னங்காலில் திரும்பினான். பலகை மட்டையில் ‘டக்’ என்று ஒரு சத்தம்... பந்து எங்கள் எல்லோருடைய தலைக்கும் மேலால் போய், நிற்கிற புல்லின் நட்டநடுவில் விழுந்தது.

எல்லோரும் ஓடினோம். ஓடிய வேகத்தில் புல்லின் விளிம்பில் பிரேக் போட்டோம். செருப்போடு கோயில் வாசலுக்கு வந்துவிட்டவர்கள் மாதிரி வரிசையாய் நின்றோம். கெவின் ஒரு காலைத் தூக்கினான். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

துரிக்கு எங்களைப் பார்க்கப் பாவமாய் இருந்திருக்க வேண்டும். எழும்பினார். தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். தன்னுடைய பெரிய சப்பாத்துக்களோடு தன்னுடைய புல்லுக்குள் தானே இறங்கினார், எங்கள் பந்தைத் தேட.

அப்போதுதான் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வெடித்தது.

“ஐயா! புல்லை மிதிக்காதேங்கோ!”

திரும்பினால் குணம்! பிட்சின் நடுவில் மட்டையை உயர்த்திப் பிடித்தபடி, தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகிறான். துரிக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் அப்படியே நின்றார். தன் காலைப் பார்த்தார். பிறகு வந்த தடத்திலேயே ஒவ்வொரு அடியாய்ப் பின்வாங்கி வெளியே வந்தார். வந்து குணத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார் பாருங்கள்... அவ்வளவுதான், முதலில் சிரித்தவன் குணம். பிறகு துரி. பிறகு சிரிக்காதவர் யார்? நான் கொஞ்சம் அழவும் செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

பந்து இல்லாமல் மட்ச் ஏது? தாங்கள்தான் வென்றது என்று சிவம் ரயில் ஏறும்வரை வாதாடினான். குணம் பிளாட்பாரத்தில் நின்று அவனுக்குச் சரிக்குச் சரி பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

சரிவுப் புல்லை இந்தக் கிழமை அறுக்கிறார்களாம். குணம் இப்போதே சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டான் — பந்து எடுக்க இல்லையாம், மழை வருமுன் புல்லை உள்ளே போட வேண்டுமாம்!