மாமாவின் மாலை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பக்குரங்காவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு யூதக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அன்ரியின் பெற்றோர் ஐரோப்பாவிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள். அவர்களுக்கு இந்த நாடும் வெள்ளிக்கிழமை ஓய்வுநாளுக்கு ஏற்றும் மெழுகுதிரியும் போதுமாயிருந்தன. அன்ரியின் மகனுக்குப் போதவில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் யூத இளைஞர் முகாமுக்குப் போய், புதுப் புது ஹீப்ரூப் பாட்டுகளோடு திரும்புவார். பத்தொன்பது வயதில், இஸ்ரேலில் குடியேறி ராணுவத்தில் சேரப்போவதாகச் சொல்லிவிட்டார்.

ஊரில் யுத்தத்தைக் கண்டு வந்த அப்பா சொன்னால் மகன் கேட்பான் என்று நம்பி, அன்ரி எங்களை வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். வேலியோரம் நின்று அப்பாவிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். அப்பாவும் தலையாட்டினார். ஆனால் அப்பாவுக்கு யூதர்கள் என்றால் தனி மயக்கம். நாடில்லாத சனம் நாடு கண்ட கதையை வீட்டில் அவர் சொல்லாத நாளில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பொன்னாடை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு அந்தரப்பட்டார்.

“மாலை வாங்க மறந்துபோனன். இனி ஒடாஹுஹுக் கடைகளுக்குப் போய்வர நேரமுமில்லை.”

எனக்கு எட்டு வயது. கெட்டிக்காரி என்று பெயரெடுக்க ஆசை. சாமியறையில் மாமாவின் படத்தில் கிடந்த சந்தன மாலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். மாமா, அம்மாவின் தம்பி. ஊரில் போராட இயக்கத்துக்குப் போனவர், திரும்பி வரவில்லை.

மெழுகுதிரி ஏற்றி, ரொட்டியைப் பிட்டுப் பகிர்ந்ததும் அப்பா எழுந்தார். புத்திமதி வரப்போகிறது என்று அன்ரி கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பாவோ ஆங்கிலத்தில் வாழ்த்து மழை பொழிந்து, மகனுக்குப் பொன்னாடையைப் போர்த்தினார். இஸ்ரேலில் முன்பே குடியிருந்தவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பெருமையாகப் போய் மகனின் கழுத்தில் மாலையைப் போட்டேன்.

அம்மா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். “என்னடி செய்துபோட்டாய்? கழட்டு, கழட்டு!”

தானே பாய்ந்து வந்து, அந்தக் கழுத்திலிருந்து மாலையை இழுத்தெடுத்தார். சந்தனச் சீவல்கள் ரொட்டித் தட்டில் உதிர்ந்தன. அன்ரி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான்தான் ஆங்கிலத்தில் விளக்கினேன்: இது செத்துப்போன மாமாவின் மாலை, அவரும் நாட்டுக்காகத்தான் போனவர். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் மகன் போய்விட்டார். அன்ரி பிறகு அப்பாவோடு கதைக்கவேயில்லை. இன்றைக்கும் இஸ்ரேலிலிருந்து யுத்தச் செய்தி வந்தால் அந்த மேசை நினைவுக்கு வருகிறது. அந்தக் கழுத்தில் சாவைக் கண்டு பதறி, அன்ரி கேட்ட உதவியை அன்று செய்தது அம்மா மட்டும்தான். நானோ, எல்லார் முன்னாலும் ஏசிப்போட்டார் என்ற கோபத்தில், ஒரு கிழமை அம்மாவோடு கதைக்காமல் இருந்தேன்.