மேற்குப் பக்கத்துச் சாரல்

எங்கள் ஊரில் புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்துக்குள் மழைத்தண்ணீர் புக வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு ஒரு நாள் காலையில் வீட்டிலிருந்து கிளம்பினேன். அந்தப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அங்கே தலைமையாசிரியை என் மகள். தெரிந்தேதான் ஆசைப்பட்டேன்.

பழைய கட்டடம் படாக் மரச் சட்டமும் தகரக் கூரையுமாக இருந்தது. கறையான் தின்று முடித்தபிறகு அதை இடித்தார்கள். புதிதாகக் கட்ட வரைபடம் போடுவதற்கு கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து ஓர் இளம்பெண் எங்கள் தீவுக்கு வந்தாள். தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சாப்பிட்டாள், எங்கே உட்கார்ந்து படிக்கப் பிடிக்கும் என்று அவர்களையே படம் போடச் சொன்னாள். டீக்கடையில் கேட்டாள், பஸ் ஸ்டாப்பில் கேட்டாள். என் வீட்டுக்குக் கடைசியாக வந்தாள். அந்தக் "கடைசியாக" என் மனதில் உட்கார்ந்துவிட்டது.

"சார், பழைய கட்டடத்தில் மழை எந்தப் பக்கம் உள்ளே வரும்?" என்று கேட்டாள்.

"எந்தப் பக்கமும் வராது. அந்தக் காலத்து வேலை" என்றேன்.

பொய். காற்று மேற்கே திரும்பினால் சாரல் பாதி வகுப்புவரை வரும். பெஞ்சுகளை நடுவில் இழுத்துப் போட்டு, மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரும். தகரத்தில் விழும் மழையில் நான் கத்துவது எனக்கே கேட்காது. போர்டில் எழுதிப்போட்டுவிட்டு நின்றுகொண்டிருப்பேன்.

பெற்றோர் கூட்டத்தில் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார்கள். தரையிலிருந்து தூக்கித் தூண்மேல் நிற்கிற கட்டடம். ஜன்னலுக்குப் பதிலாகத் துளைபோட்ட செங்கல் சுவர். நடுவில் திறந்த முற்றம். தலையைவிடப் பெரிய தொப்பிபோல, சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டு இறங்கும் கூரை. நான் எழுந்தேன்.

"இது பள்ளிக்கூடமா, ஜெட்டியில கப்பலுக்குக் காத்திருக்கிற ஷெட்டா? ஓட்டைச் சுவர்ல சாரல் வராம பூங்காத்தா வரும்? நம்ம பழைய ஸ்கூல் மாதிரி நாலு சுவர் வச்சுக் கட்டச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாற்ற வேண்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். என் மகள் மேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அன்றிரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வரைபடம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தது. பிள்ளைகள் தற்காலிகமாகப் போட்ட தகர ஷெட்டில் இன்னொரு மழைக்காலம் முழுக்க நனைந்தார்கள். சில பெற்றோர் பொறுமை இழந்து டவுனில் இருக்கும் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் இன்னும் குறைந்தால் அதை மூடிவிட்டு, என் மகளைத் திக்லிபூர் பக்கம் மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு எழுந்தது. மருமகனுக்குச் சாத்தம் ஜெட்டியில் வேலை. பேரப்பிள்ளைகள் இங்கே. திக்லிபூர் ஒரு முழுநாள் பஸ் பயணம். இத்தனைக்கும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலையில் வந்தால் எப்போதும்போல டீ போட்டுக் கொடுத்தாள். கடைசியில் ஒரு கோடுகூட மாறாமல் அதே வரைபடத்துக்கு அனுமதி வந்தது, கட்டடமும் எழுந்தது. பிள்ளைகள் அதற்கு "ஜஹாஜ்" என்று பேர் வைத்தார்கள். கப்பல்தான். மாடி வராந்தா டெக், இடைவேளைக்கு ஒரு கேப்டன். நான் அந்தத் தெருவில் போவதையே விட்டுவிட்டேன்.

பள்ளி திறந்த வாரத்திலேயே மழை பிடித்தது. மூன்றாம் நாள் காற்று மேற்கே திரும்பியது. தென்னை மட்டைகள் சாய்ந்த பக்கத்தைப் பார்த்துத்தான் குடையை எடுத்தேன்.

டீக்கடை பாய் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன மாஸ்டர், இப்படிக் கொட்டுற பாரிஷ்ல? ஜஹாஜ் மெதக்குதான்னு பாக்கப் போறீங்களா?"

அங்கே நின்றிருந்த ஆட்டோ டிரைவர் என் பழைய மாணவன். அவன் மகள் மூன்றாம் வகுப்பு. "நானும் அதுக்குத்தான் கெளம்பினேன். ஏறுங்க சார்" என்றான். "டவுன் ஸ்கூல்ல பாப்பாவுக்கு சீட்டு சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கு உள்ள தண்ணி வந்துச்சுன்னா கதம். நாளைக்கே மாத்திருவேன்."

"இவன் ஒருத்தன் இல்ல மாஸ்டர்" என்றார் பாய். "ஸ்டாண்டுல அத்தனை பேரும் இவன் வாயத்தான் பாத்துட்டிருக்காங்க."

ஆட்டோவில் ஏறினேன். அப்போதாவது என் நெஞ்சு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

வராந்தாவில் போய் நின்றோம். ஒரு பெரிய காற்று அடித்தது. உடனே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, எழுந்து பெஞ்சுகளை நடுவுக்கு இழுத்தார்கள். ஷெட்டில் பழகிய பழக்கம். டீச்சர் சாக்பீஸும் கையுமாகத் திகைத்து நின்றாள். பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு, பைகளை மடியில் வைத்துக்கொண்டு, துளைச் சுவரையே பார்த்தபடி எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.

மழை, கூரையின் ஓரத்தில், சுவரிலிருந்து ஒரு பஸ் நிற்கிற அளவு தள்ளி, திரையாக விழுந்தது. துளைகள் வழியாகக் காற்று மட்டும் வந்தது. ஈர மண் வாசனை வந்தது. வேறொன்றும் வரவில்லை.

ஒரு சிறுமி மெல்ல எழுந்துபோய் ஒரு துளைக்குள் கையைத் தோள்வரை விட்டாள். வெளியே எடுத்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சூக்கா!" என்று கத்தினாள். "சூக்கா ஹை! ஒரு சொட்டுகூட இல்ல!"

அவ்வளவுதான். வகுப்பே எழுந்து துளைக்கு ஒரு கையாக நுழைத்தது. பிறகு படகைத் தண்ணீரில் தள்ளுகிற கூச்சலோடு பெஞ்சுகளைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். எந்த பெஞ்சு முதலில் சுவரைத் தொடும் என்று போட்டி. டீச்சரும் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் யாரோ பலமாகச் சிரிக்கிறார்களே என்று நினைத்தேன். சிரித்தது நான்.

சத்தம் கேட்டு என் மகள் அறையிலிருந்து வந்தாள். டிரைவர் என் பக்கம் திரும்பினான்.

"சொல்லுங்க சார். நீங்க என்ன சொல்றீங்க?"

"தண்ணி வரல. நான் மீட்டிங்ல சொன்னது தப்பு" என்றேன். பாதியில் நிறுத்தினால் பிறகு சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது. "பழைய ஸ்கூல்லதான் தண்ணி வந்துச்சு. வரலேன்னு அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொன்னேன்."

"அரே, அது எனக்குத் தெரியாதா சார்? அந்த மேற்கு ஓரத்துல ஒக்காந்து, ஈரச் சட்டையோட வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட அடி வாங்கினவனே நான்தான்."

"அப்புறம் ஏன்டா கை தூக்கின?"

"நீங்க சொன்னா தூக்கித்தானே பழக்கம்" என்றான் சிரித்துக்கொண்டே. அவன் குத்திச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குத் தைத்தது. அத்தனை வருடம் நான் சொல்லிக்கொடுத்ததில் அது ஒன்றை மட்டும் ஊரே மறக்காமல் வைத்திருந்திருக்கிறது.

"பாப்பா இங்கயே இருக்கட்டும் டீச்சர்" என்று என் மகளிடம் சொன்னான். "ஸ்டாண்டுல நான் பேசிக்கிறேன். சார் வாயாலயே கேட்டேன்னு சொல்லுவேன்." சட்டையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு மழையில் ஓடினான்.

நானும் மகளும் நின்றோம்.

"உள்ள தண்ணி வரணும்னு ஆசப்பட்டுத்தான்மா வந்தேன்" என்றேன்.

"தெரியும்பா. மழையில மெனக்கெட்டு வர்ற ஆளா நீங்க?"

"இத்தனை நாளா ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா சண்ட போட்ருப்பீங்க. மழை வந்து சொல்லட்டும்னு விட்டுட்டேன்." அவள் கண் கலங்கியிருந்தது. முகம் சிரித்தது. "எனக்கே நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லப்பா. கூரையையே நெனச்சிட்டுக் கெடந்தேன்."

மன்னித்துவிடு என்றேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

"அஞ்சாம் கிளாஸ் டீச்சரோட பஸ் இன்னும் வரல. சும்மாதானே நிக்கிறீங்க, போய் ஒக்காருங்க. செருப்பக் கழட்டிட்டு, வேட்டியப் பிழிஞ்சிட்டுப் போங்க. இந்தக் கட்டடத்துக்குள்ள தண்ணி கொண்டுவந்தது நீங்க ஒருத்தர்தான்."

பிழிந்துவிட்டுப் போனேன். ஐந்தாம் வகுப்பு எழுந்து நின்று நீட்டி வணக்கம் சொன்னது.

"பாடமா, கதையா தாத்தா?" என்றான் முதல் பெஞ்சுப் பையன்.

"நீங்க சொல்லுங்க. நான் கேக்குறேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். ஓடையில் முதலை வந்தது, நடுக்கடலில் இஞ்சின் நின்றது, யாரோ ஒருவனின் மாமா கப்பலைத் தவறவிட்டது எல்லாம் தமிழும் ஹிந்தியுமாகக் கலந்து வந்தது. வெளியே மதியம்வரை மழை விடவில்லை. அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பாமல் எனக்குக் கேட்டது.